இரண்டாவது இருக்கை உள்ள டிராக்டர்

அக்டோபர் 7, சனி

நீலன் செத்துப்போனான். வயது பத்தொன்பது. என்னைவிட மூன்று வயது மூத்தவன். காரணம், கியர்ப்பெட்டி. கொட்டகையில் அப்பா அதைப் பிரித்து, உள்ளேயிருந்து பல் உடைந்த ஒரு சக்கரத்தை எடுத்துக் காட்டினார். "பல்செட்டு கட்டிடலாம்ப்பா," என்றேன். அப்பா சிரிக்கவில்லை.

டிராக்டரின் முன்சக்கரத்தில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு செத்-ஈல் நகரத்துக்குப் போய்விட்ட அன்றுகூட இவ்வளவு நேரம் நின்றதாக ஞாபகமில்லை.

பனி விழ ஆறு வாரம் இருக்கிறது. பனியை அகற்ற அறுபது வீட்டு வாசல்கள் அப்பாவை நம்பியிருக்கின்றன. போதாததற்கு இந்த வருஷம் முதல் முறையாகப் பெரிய இடங்களும் எடுத்திருக்கிறார்: மருந்துக்கடை, பல் டாக்டர் கட்டடம், முதியோர் இல்லம். எங்கள் ஷிகூத்திமி ஊரில் இதற்குமேல் வளர்ந்தால் நகராட்சியாகிவிடுவார்.

எனக்கு நீலனைப் பற்றிக் கவலை இல்லை. அவனுக்குள், ஓட்டுநருக்கு இடப்பக்கம், சக்கரத்துக்கு மேலே மடக்கி வைக்கிற மாதிரி ஒரு குட்டி இருக்கை இருந்தது. ஏழு வயதிலிருந்து அது என்னுடையது. பனிக்காரன் வீட்டில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை அப்பா பகலில் தூங்குவார், இரவில் போவார். நான் பகலில் பள்ளி, இரவில் தூக்கம். ஒரே வீட்டில் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் இரண்டு பேர். வெள்ளி, சனி இரவுகளில் அந்த இருக்கையில் உட்கார்ந்தால்தான் அவரை முழுதாகப் பார்க்கலாம். மற்ற நாட்களில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுத்தான் அப்பா. "சூப் இருக்கு. சூடு பண்ணிக்கோ."

ஊருக்கு அது பனிக்காலம். எனக்குத் தனிக்காலம்.

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று அப்பா பேசியவை மொத்தம் பதினெட்டு வார்த்தை. அதில் ஏழு "ம்".

அக்டோபர் 14, சனி

இழுவை வண்டி வாங்குவதைப்போல ஓர் இழுவையான வேலை உலகத்தில் இல்லை. ஃப்ளோரியானின் கடை முற்றத்தில் நாலு மணி நேரம். அந்த ஆள் எல்லா நிறத்திலும் டிராக்டர் விற்பார், பருவத்துக்கு வாடகைக்கும் விடுவார். பேச்சு மட்டும் இலவசம்.

அப்பா முதலில் தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டார். வெயில் அடிக்கிறது, வியர்க்கிறது, ஆனாலும் கையுறை. ஒரு வாசலுக்குள் பின்பக்கமாகப் போய், வண்டியின் பின்னால் மாட்டிய பனியூதியை இறக்கி, பனியை வாரி வீசியபடி முன்னால் வந்து, திரும்பவும் பின்னால் போய்... முன்-பின் மாற்றும் நெம்புகோலை ஓர் இரவில் ஆயிரம் தடவை தள்ள வேண்டும். சிவப்பு வண்டியில் அது பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ். கையுறைக்குள் அகப்படவே இல்லை. சிவப்பு அவுட்.

மிச்சம் இரண்டு. பச்சை: நீள மூக்கு, நூற்றிருபத்தைந்து குதிரைசக்தி. நகராட்சி வண்டி வாசல் முனையில் தள்ளிவிட்டுப் போகும் கெட்டிப் பனிமேட்டை அப்படியே விழுங்கும். ஆரஞ்சு: தொண்ணூற்றைந்துதான், ஆனால் ஒல்லி. தட்டில் வைத்தால் தட்டுக்குள்ளேயே திரும்பும்.

பச்சைக்குள் இடப்பக்கம் இருக்கை இருக்கிறது. பெல்ட்டோடு.

ஆரஞ்சுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா அரை மணி நேரம் அசையாமல் இருந்தார், கழுத்தைப் பின்பக்கம் திருப்பியபடி.

"உங்கப்பா தூங்கிட்டாரா?" என்றார் ஃப்ளோரியான்.

"கழுத்து எப்ப வலிக்க ஆரம்பிக்குதுன்னு பாக்கறார். எனக்கு நீங்க பேச ஆரம்பிச்சப்பவே வலிச்சிடுச்சு."

"கயெத்தான்! உம் பொண்ணு வாயிலயே ஒரு பனியூதி மாட்டி விட்டிருக்கியே, உனக்கு எதுக்கய்யா டிராக்டர்?"

அப்பா இறங்கினார். "உள்ள எப்படிப்பா?" என்றேன். "என் தொப்பைக்குத்தான் இடம் இருக்கு. நல்லாருக்கு," என்றார்.

நல்லாருக்காம்.

அக்டோபர் 15, ஞாயிறு

பள்ளி மதிப்பெண் அட்டை மாதிரி ஒன்று தயாரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஆரஞ்சு மாணவன்: உடல் பலம் குறைவு, பனிமேட்டைக் கண்டால் அழுகிறான், சக மாணவர்களைப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை, பெற்றோர் வந்து பார்க்கவும். பச்சை மாணவன்: கொஞ்சம் குண்டு, ஆனால் நல்ல மனசு.

மாலையில் பார்த்தால் அட்டையின் அடியில் அப்பா பென்சிலில் கையெழுத்துப் போட்டிருந்தார். பெற்றோர் பார்த்துவிட்டாராம். 

அக்டோபர் 21, சனி

மறுபடியும் ஃப்ளோரியான் கடை. அங்கே ஒரு புல்வெட்டும் வண்டியில் தொங்கிய "விற்றாயிற்று" பலகையைக் கழற்றி ஆரஞ்சின் கண்ணாடியில் மாட்டினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஃப்ளோரியானைப் பார்த்தார். ஃப்ளோரியான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"வித்தாச்சுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றார் ஃப்ளோரியான். "யாரு வாங்கினாங்கன்னும் சொல்லிடு, பில் போட்டுடறேன்."

அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. அது போதும்.

வீட்டுக்கு வரும்போது பிக்கப்பில் அவரே சொன்னார். "ரெண்டும் நல்ல வண்டிதான் தெள்ளு." தெள்ளுப்பூச்சி என்பது நான். கொராலி என்று கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். "பெரிய எடங்களுக்குப் பச்சைதான் சரி. ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஆனா முதியோர் இல்லத்துப் பின்வழிக்குள்ள அது நுழையணும். அங்கதான் ஆம்புலன்ஸ் வந்து நிக்கும். பச்சையோட ஊதி ரெண்டு மீட்டர் நாப்பத்திநாலு. வழி ரெண்டு எண்பதாவது இருந்தா பச்சை. இல்லன்னா ஆரஞ்சு."

"நீங்க பாத்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"ரொட்டி வண்டி குறுக்க நின்னுச்சு. மூணு இருக்கும்னு நெனைக்கிறேன். எனக்கு அறுபது வீட்டுக்கும் எல்லைக் குச்சி நடணும். இல்லத்துக்கு மட்டும் நீ போய் அளந்துட்டு, குச்சியும் நட்டுட்டு வந்துடறியா?"

அக்டோபர் 28, சனி

அளந்தேன். மூன்று தடவை. குறுகலான இடத்தில் இரண்டு மீட்டர் நாற்பத்தைந்து.

ஒரு பக்கம் கட்டடச் சுவர். மறுபக்கம் கணுக்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் விளிம்பு. அதற்கு அப்பால் முதியவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பாதை. அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பூட்ஸ் காலால் அந்த விளிம்பை ரொம்ப நேரம் உதைத்துக்கொண்டிருந்தேன். நகருமா என்ன.

சீட்டில் 2.85 என்று எழுதினேன். நாலை எட்டாக்குவது ஒன்றும் கஷ்டமில்லை.

எழுதியதற்கு ஏற்ற மாதிரி குச்சிகளையும் விளிம்புக்கு அந்தப் பக்கம், நாற்பது சென்டிமீட்டர் தள்ளி நட்டேன். ஏழு குச்சி. மஞ்சளும் கறுப்பும், எங்கள் நிறம். அளக்கப் போனவள் நன்றாக அளந்துவிட்டு வந்திருக்கிறேன்.

பனி விழுந்துவிட்டால் விளிம்பு தெரியாது, பாதை தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை. பனிக்காரனுக்குக் குச்சிதான் எல்லை. இது எனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து தெரியும்.

சும்மா, அப்பாவே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "ஏய் தெள்ளு, இது உன் வேலைதானே?" என்பார். அப்போது மாற்றிக்கொள்ளலாம். சின்னக் குறும்பு.

அக்டோபர் 31, செவ்வாய்

பச்சை வந்துவிட்டது! பருவம் முழுவதற்கும் எங்களுடையது. ஹாலோவீன் வேஷத்தில் மிட்டாய் கேட்டு வந்த பேய்களும் சூனியக்காரிகளும் கொட்டகை வாசலில் வரிசை கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா விளக்குகளைச் சுழலவிட்டார். நான் என் இருக்கையில் உட்கார்ந்து ராணி மாதிரிக் கையசைத்தேன். தலை இடிக்கவில்லை. கால் வைக்க இடம் இருக்கிறது. காலுக்குச் சூடான காற்றுகூட வருகிறது.

"நீ சொன்ன அளவு வரலைன்னா ஆரஞ்சுதான் எடுத்திருப்பேன்," என்றார் அப்பா. "நல்லவேளை."

ராத்திரி சாப்பிட முடியவில்லை. மிட்டாய் அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

அம்மா போனில் கேட்டாள்: "புது வண்டி வந்துச்சாமே. உனக்கு எடம் இருக்கா?" இருக்கு என்றேன். "அப்பாடா," என்றாள். அந்த அப்பாடா எனக்குப் பிடிக்கவில்லை. என்னை உட்கார வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்பது மாதிரி.

நவம்பர் 12, ஞாயிறு

தரை இறுகிவிட்டது. முற்றத்தில் ஆணி அடித்துப் பார்த்தேன், வளைந்தது. இனிமேல் நட்ட குச்சி நட்டதுதான், ஏப்ரல்வரை.

அப்பா போய்ப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நான்தான் பார்த்துவிட்டேனே.

நவம்பர் 16, வியாழன்

சொல்லணும். நாளைக்குச் சொல்லணும்.

நவம்பர் 17, வெள்ளி

சொல்லவில்லை. அப்பா டிராக்டருக்குள் இன்னொரு கப் வைக்கிற வளையம் திருகிக்கொண்டிருந்தார். என் பக்கம்.

நவம்பர் 20, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். 

காலையில் வானொலியில் சொன்னார்கள், இன்றிரவு இருபத்தைந்து சென்டிமீட்டர். பள்ளி விட்டதும் கொட்டகையிலிருந்து துளையிடும் இயந்திரத்தை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடினேன். முதல் குச்சியைப் பிடுங்கப் பார்த்தேன். முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. விளிம்பு ஓரமாகப் புதிதாகத் துளை போடலாம் என்றால், இரண்டே துளையில் குளிரில் பேட்டரி போய்விட்டது.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு மதாம் ஃபெர்னாந்த் புகைபிடிக்க வந்தாள். அந்த இல்லத்தில் எண்பது பேருக்குச் சமைக்கிறவள்.

"என்ன குட்டி, குச்சியோட குஸ்தியா?"

"எடம் மாத்தி நட்டுட்டேன் மதாம்."

"சீக்கிரம் சரி பண்ணு. போன வருஷக்காரன் இந்த விளிம்பத்தான் பேத்துட்டான். கைப்பிடியோட போச்சு. மூணு வாரம் எங்க ஆளுங்க ஒருத்தரும் வெளிய வர முடியல. ஓட்டினவனுக்கும் கண்ணாடில நெத்தி மோதி ஒம்பது தையல்."

அதற்குமேல் நான் நிற்கவில்லை. ஒம்பது தையல், ஒம்பது தையல் என்று ஓடினேன்.

புயலுக்கு முன்னால் பனிக்காரன் தூங்கும்போது யாரும் எழுப்பக் கூடாது. எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே சட்டம் அதுதான். அப்பா அறைக் கதவைத் திறந்தேன்.

"அப்பா. பின்வழி ரெண்டு எண்பத்தஞ்சு இல்ல. ரெண்டு நாப்பத்தஞ்சு."

எழுந்து உட்கார்ந்தார். தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. "தப்பா அளந்துட்டியா?"

ஆமாம்னு சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் குடுத்தார். ஆமாப்பான்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லல? தெரியல.

"இல்லப்பா. சரியாத்தான் அளந்தேன். தப்பா எழுதினேன். குச்சியும் தப்பாத்தான் நட்டேன்."

"எதுக்கு?"

"ஆரஞ்சுல சீட்டு இல்ல."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் பனி விழ ஆரம்பித்திருந்தது.

"தபர்னாக்," என்று கெட்ட வார்த்தை சொன்னார், மெதுவாக. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம், "பூட்ஸ் போடு, கொராலி."

நவம்பர் 21, செவ்வாய்

பள்ளி போகவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நேற்றுச் சாயங்காலமே அப்பா வேறு பேட்டரி போட்டு, விளிம்பு ஓரமாக ஏழு குச்சியையும் நட்டுவிட்டார். பச்சையால் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் வழி திறந்திருந்தே ஆக வேண்டும். காலை மூன்றரைக்கு என்னைப் பிக்கப்பில் கொண்டுவந்து விட்டு, ஒரு மண்வாரியைக் கொடுத்தார். மருந்துக்கடையையும் பல் டாக்டரையும் டிராக்டரில் முடித்துவிட்டு அவரும் வந்தார். இருபது மீட்டர் வழி. அவர் அந்த முனையிலிருந்து, நான் இந்த முனையிலிருந்து.

எத்தனை நாள் ஆசைப்பட்டேன், அப்பாவுடன் ஓர் இரவு முழுக்க இருக்க வேண்டும் என்று. இருந்தேன்.  மண்வாரி உரசும் சத்தம் மட்டும்.

நடுவில் வந்து சந்தித்தபோது என் கையிலிருந்த மண்வாரியை வாங்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டார். அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஜன்னலில் ஒரு தாத்தா எங்களைப் பார்த்துக் கைதட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

நவம்பர் 25, சனி

பச்சை போய்விட்டது. பக்கத்து ஊர் ழோன்கியேரில் யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருந்தாராம், அதனால் ஃப்ளோரியான் மாற்றிக் கொடுத்தார். என்ன காரணம் என்று கேட்டதற்கு அப்பா, "அளவு தப்பா எடுத்துட்டேன்," என்றார். எடுத்துட்டேன்.

"இருவது வருஷமா இந்தத் தொழில்ல இருக்க, டேப்பு பிடிக்கத் தெரியலியா உனக்கு?" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி ஃப்ளோரியான் சிரித்தார். அங்கே இன்னும் மூன்று பனிக்காரர்கள் நின்றார்கள். அவர்களும் சிரித்தார்கள். அப்பா காது சிவக்க நின்றார். நான் பிக்கப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். என் வாயிலிருந்த பனியூதி உறைந்துபோயிருந்தது.

ஆரஞ்சுக்குள் ஏறிப் பார்க்கவில்லை. எங்கே ஏற.

டிசம்பர் 3, ஞாயிறு

பதினெட்டு சென்டிமீட்டர். ஆரஞ்சு பின்வழிக்குள் வெண்ணெயில் கத்தி மாதிரிப் போய் வருகிறதாம். மதாம் ஃபெர்னாந்த் கடையில் பார்த்துச் சொன்னாள். அப்பா சொல்லவில்லை.

பெரிய இடங்களில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகிறது. அந்த ஒரு மணி நேரமும் என் கணக்கில்தான்.

டிசம்பர் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை இரவு. இருக்கை இல்லாத வெள்ளிக்கிழமை. தெருக்கோடியில் ஆரஞ்சின் விளக்கு திரும்பிப் போவது ஜன்னலில் தெரிந்தது. கையசைத்தேன். அந்த வெளிச்சத்தில் இருப்பவருக்கு இருட்டில் நிற்பவள் தெரிய மாட்டாள்.

டிசம்பர் 11, திங்கள்

ஃப்ரிட்ஜ் சீட்டு: "சூப் இருக்கு."

அதன் கீழே எழுதினேன்: "சூப்புக்கும் என்னைப் பிடிக்கல போல. ஆறிப்போயே கிடக்கு."

டிசம்பர் 12, செவ்வாய்

பதில் இல்லை. சூப் மட்டும் அடுப்பில் இருந்தது, சூடாக.

டிசம்பர் 17, ஞாயிறு

காலை எட்டரைக்கு அப்பா உள்ளே வந்தார். தாடியில் பனித்துளி. வழக்கமாக நேரே படுக்கைக்குப் போவார். இன்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்து கிரெத்தோன் என்ற பன்றியிறைச்சி விழுது தடவிய ரொட்டியில் பாதியை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"அந்த மருந்துக்கடை நாய் இன்னிக்கும் வந்துடுச்சு பாத்தியா."

"எந்த நாய்?"

"அதான், ஊதிக்கு முன்னாடி வந்து நின்னு குரைக்குமே. போன வாரம் சொன்னேனே."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னேன். மஞ்சக் கம்பளிச் சட்ட போட்டிருக்கும்னுகூடச் சொன்னேன். நீகூட..."

நிறுத்திவிட்டார். ரொட்டியைப் பார்த்தார்.

"வண்டில தனியா இருக்கறப்ப சொன்னேன் போல," என்றார்.

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். நான் அந்த மீதி ரொட்டியை வெகுநேரம் சாப்பிடாமல் வைத்திருந்தேன்.

டிசம்பர் 29, வெள்ளி

கிறிஸ்துமஸுக்கு அம்மா வரவில்லை, சாலை மூடிவிட்டது. நானும் அப்பாவும் தட்டளவு பெரிய இறைச்சிப் பணியாரத்தை மூன்று நாளாக வெட்டி வெட்டிச் சாப்பிடுகிறோம்.

சாப்பாட்டு மேசை முழுக்க அப்பாவின் வரைபடம். எந்தத் தெரு முதலில், எது பிறகு என்ற வரிசையை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். பருவத்தின் நடுவில் யாரும் வரிசையை மாற்ற மாட்டார்கள். பனிக்காரனின் சொந்த வாசல் எப்போதும் கடைசி. ஊரிலேயே அசிங்கமாகக் கிடக்கும் வாசல் எங்களுடையதுதான்.

எட்டிப் பார்த்தேன். முதியோர் இல்லம் முடிந்ததும் கோடு மலை இறங்கி எங்கள் தெருவுக்கு வந்து, மறுபடியும் மலையேறி மீதி வீடுகளுக்குப் போனது.

"இது சுத்துப்பா. போக வர நாலு கிலோமீட்டர். டீசல் வேஸ்ட்."

"டீசல் யாரோடது?"

"உங்களோடது."

"அப்ப வாய மூடு தெள்ளு."

ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் கொராலி, இன்று தெள்ளு.

ஜனவரி 10, புதன்

முப்பத்தொரு சென்டிமீட்டர், காற்றோடு. ஆறு பத்துக்குச் சமையலறைச் சுவரில் ஆரஞ்சு வெளிச்சம் சுற்றியது. புயலில் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். வாசலில் அது உறுமிக்கொண்டே நின்றது. அப்பா உள்ளே வந்தார்; பூட்ஸைக் கழற்றாமல், மிதியடியிலேயே நின்று, ரெண்டு முட்டையும் காபியும். பல் டாக்டர் காரை நடுவில் நிறுத்திவிட்டுப் போனது, பின்வழியில் ஆம்புலன்ஸ் வந்து ஒரு பாட்டியைப் பத்திரமாகக் கூட்டிப்போனது, நாய்க்குப் புதுச் சட்டை, எல்லாம் சொன்னார். நான் கணக்கு வாத்தியார் நாற்காலியில் வைத்த, உட்கார்ந்தால் புர்ரென்று சத்தம் போடும் ரப்பர் பையைப் பற்றிச் சொன்னேன். மீசை அசைந்தது. பிறகு பல்லே தெரிந்தது.

"சரி," என்று கையுறையை மாட்டினார். "இன்னும் நாப்பத்தாறு வீடு."

நாலு கிலோமீட்டர் சுற்றி வந்து பன்னிரண்டு நிமிஷம்; ஆறு இருபத்திரண்டுக்குப் போய்விட்டார். பள்ளிப் பேருந்து ஏழரைக்கு.